இடைவேளையில் எடுக்காத பழம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேட்ட சத்தம் திங்கட்கிழமை காலையிலும் மோகனாவின் காதை விட்டு இறங்கவில்லை. பல் துலக்கும்போது குவளை தொட்டியில் இடித்தது; டங். வாசல் கேட்டைச் சாத்தினாள், டங். நாற்றுப் பண்ணைக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பையில் மண்ணை அள்ளிப் போடுவதற்குள் டிராக்டர்காரன் காலித் தண்ணீர் டின்னைத் தூக்கிக் கீழே எறிந்தான். மோகனாவின் கையிலிருந்த பை நழுவி மண் முழுவதும் மடியில் கொட்டியது.

எதிரே உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்த தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாக்கா, காலையிலேயே மண்ண கொட்டிட்டீங்க?"

"ஒன்னுமில்ல. புள்ள சாப்பிட்டானா?"

"ரொட்டி வாங்கி வெச்சேன். எறும்பு சாப்பிட்டுச்சி."

"வேலைக்குப் போனானா?"

"எங்கக்கா போறது? டயர் கடை லுக்குட்ல இருக்கு. கடை பூரா லுக்குட்காரனுங்க. மொதலாளியே அந்த வீடியோவ அனுப்பி, 'சசி, மேகத்துக்கு டயர் மாத்தப் போறியா'ன்னு கேட்டிருக்கான். இவன் போன மூடி அலமாரிக்குள்ள வெச்சிட்டான்."

மோகனா குனிந்து மடியில் கிடந்த மண்ணைத் திரும்பவும் பைக்குள் தள்ளினாள். தாயம்மாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. தாயம்மாவின் ஒரே மகன் சசிதரன். இருபத்து மூன்று வயது. நேற்று லுக்குட்டோடு நடந்த கால்பந்தாட்டத்தில் எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பெனால்டி அடித்தவன் அவன்தான். பந்து கோலின் மேல் கம்பியில் பட்டது. ரந்தாவ் சுற்றுவட்டாரத்தில் மற்றத் திடல்களில் எல்லாம் அலுமினியக் கம்பம். பந்து பட்டால் 'டப்' என்பதோடு சரி. புக்கிட் லாலாங் தோட்டத்துக் கம்பம் மட்டும் பழைய ரப்பர் ஆலையின் இரும்புக் குழாயில் செய்தது. அது கோயில் மணி மாதிரி நின்று அதிர்ந்தது.

எல்லாரும் சசியின் காலைத்தான் திட்டினார்கள். தப்பு யாருடையது என்று தோட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இங்கே உட்கார்ந்து, அவனைப் பெற்றவளிடமே, புள்ள சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஒரு எலுமிச்சம்பழம்.

புக்கிட் லாலாங் திடலின் ஒரு முனையில் கோலுக்குப் பின்னால் முனியாண்டி கோயில். இன்னொரு முனையில் ரோடு. சொந்தத் திடலில் ஆட்டம் என்றால், பூசாரி ஒரு பழத்தை முனியாண்டி பாதத்தில் வைத்து, குங்குமம் தடவி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுப்பார். அதை நம்முடைய கோல் கோட்டுக்குப் பின்னால் ஒரு சாண் ஆழத்தில் புதைக்க வேண்டும். முதன்முதலில் இப்படிப் புதைத்த வருஷம், முதல் பாதியில் ஒரு கோல்கூட உள்ளே வரவில்லை. இரண்டாம் பாதியில் நான்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் பூசாரி கோயில் படியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாராம். யோசித்துவிட்டு, "தப்பு சாமி மேல இல்லப்பா. இடைவேளையில ரெண்டு பக்கமும் முனை மாறிக்கிட்டானுங்க. பழம் அங்கேயே கெடந்துடுச்சி. நம்ம சாமிய நாமளே எதிராளி கோலுக்குக் காவல் வெச்சிட்டோம்" என்றாராம்.

அன்றிலிருந்து இடைவேளையில் பழமும் முனை மாறும். பூசாரிக்கு முட்டி போன பிறகு, ஏழு வருஷமாக அந்த வேலை மோகனாவுக்கு. அவள் ஒரு ஆட்டமும் தவறவிட்டதில்லை. நாற்றுப் பண்ணையில் களை கொத்தும் சின்னக் கொத்து அவள் மோட்டார் சைக்கிள் கூடையில் எப்போதும் இருக்கும். அவள் கோலுக்குப் பின்னால் குந்தி மண்ணைக் கிளறினால், திடலைச் சரிசெய்கிறாள் என்றுதான் எவனும் நினைப்பான். ஒரு மலாய் நடுவர் "தெரீமா காசே, மக்சிக்" என்று நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

பழ விஷயம் தெரிந்தவர்களில் கிண்டல் பண்ணுகிறவர் ஒருவர்தான்: கழகச் செயலாளர் துரைசிங்கம். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் இங்கே கிராணி. சிலோன் தமிழ், சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீடு.

"மோகனா, அந்தப் பழத்தை ஊறுகாயாவது போட்டிருக்கலாம். பொடியளுக்குச் சோத்தோட ஆகியிருக்கும்."

"நீங்க செயலாளரு வேலைய பாருங்க கிராணி ஐயா. நான் சாமி வேலைய பாக்குறேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்ததுதான். மூன்று வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தில் எவனோ அவள் பழம் எடுப்பதைப் படம் பிடித்து, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு, 'பொமோ ஆன்ட்டி' என்று பேர் வைத்து இணையத்தில் விட்டுவிட்டான். மந்திரக்காரி என்று ஊரெல்லாம் சிரித்தது. மோகனாவும் சிரித்தாள். சனிக்கிழமை மகள் ரோகினி சிரம்பானிலிருந்து கூப்பிடும்வரை.

"அம்மா, ஸ்டாஃப் ரூம்ல எல்லா டீச்சருங்களும் பாத்துட்டாங்க. இது உன் ஊருதானேன்னு என்கிட்டயே காட்டுறாங்க."

"காட்டட்டுமே. சேலை நல்லாத்தான் இருந்துச்சி."

"வெளையாடாதீங்கம்மா. அது எங்கம்மான்னு நான் சொல்லல."

மோகனா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்குப் பிளேஆஃப். லைவ் போடுறாங்களாம், பெரிய கேமராவோட. வேணாம்மா. எனக்காக."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்லா. வை."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே, கேமராக்காரர்கள் வருவதற்கு முன்னால், போய்ப் பழத்தைப் புதைத்துவிட்டு வந்தாள். கோயில் பக்கக் கோலில். பதினோரு வருஷமாகக் கீழ்ப் பிரிவிலேயே கிடக்கும் கழகம். ஜெயித்தால் மேல் பிரிவு, தோற்றால் இன்னொரு வருஷம் இதே சேறு. முதல் பாதிக்காவது காவல் இருக்கட்டும் என்று நினைத்தாள். இருந்தது. லுக்குட்காரர்கள் கால் தேய ஓடியும் ஒன்றும் உள்ளே போகவில்லை. நாம் ஒன்று போட்டோம். ஒன்றுக்குப் பூஜ்யம். தோட்டத்தை விட்டு எங்கெங்கோ பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போனவர்கள் எல்லாம் வந்து நின்று கத்தினார்கள்.

இடைவேளை ஊதினான். மோகனா கூடையிலிருந்து கொத்தை எடுத்தாள். கேமராவை எங்கே நிறுத்தியிருந்தார்கள்? கோயில் பக்கக் கோலுக்கு நேர் பின்னால். பத்து எட்டு வைத்திருப்பாள். "டேய், ஆன்ட்டி வந்துட்டாங்கடா! பொமோ ஆன்ட்டி!" என்று ஒரு கூட்டம் கைதட்டியது. அந்தப் பெரிய கண்ணாடி மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அது எங்கம்மான்னு நான் சொல்லல. மோகனாவின் கால் நின்றது. கொத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். செம்பனை மரத்தடியில் நிறுத்தியிருந்த மோட்டாரில் ஏறி, திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி விசில் கேட்கும்வரை திரும்பவில்லை.

இரண்டாம் பாதியில் நாம் அடிக்க வேண்டிய கோல் அந்தக் கோயில் பக்கத்துக் கோல்.

பந்து ஒரு தடவை பக்கக் கம்பத்தில் பட்டது. ஒரு தடவை விழுந்து கிடந்தவன் குதிகாலில் பட்டது. ஒரு தடவை லுக்குட் கோலி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, அவன் முட்டியில் பட்டுத் திரும்பியது. கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. மோகனா அடித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே தெரிந்திருந்தது. எழுபதாவது நிமிடத்தில் லுக்குட்காரன் ரோட்டுப் பக்கத்தில் சமன் செய்தான். பிறகு பெனால்டி. சசி பந்தை வைத்தபோது, "அடிக்காதடா" என்று அவள் வாய் முணுமுணுத்தது. டங். திரும்பி வந்த பந்தை லுக்குட்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான். நம் ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நின்றார்கள். அவன் தனியாக, திடல் முழுக்க ஓடி, ரோட்டுப் பக்கக் கோலில் போட்டான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ரோட்டோர ஒட்டுக்கடையில் தே குடிக்கப் போனாள். கடைக்காரன் தங்கராஜு ரொட்டி வீசிக்கொண்டே, "என் செத்துப்போன மாமியார நிக்க வெச்சிருந்தாகூட அந்தப் பந்த உள்ள தள்ளியிருக்கும்" என்றான். கடை சிரித்தது. மோகனா பாதி தேயை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

புதன்கிழமை தாயம்மா பை நிரப்பவில்லை. மண்ணைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மேட்ச்சுக்கு முன்னாலயே சிரம்பான்லேருந்து ஒரு பெரிய கிளப்புல அவன கூப்பிட்டிருந்தாங்க. வர்ற சனிக்கெழம காலையில செலக்சன். போகமாட்டேங்கிறான்."

"ஏனாம்?"

"பூட்ஸ குப்பைத் தொட்டில போட்டுட்டான். நான் எடுத்துக் கழுவி அடுப்படில ஒளிச்சி வெச்சிருக்கேன். கேட்டா என்னா சொல்றான் தெரியுமா? 'நான் சரியாத்தாம்மா அடிச்சேன். கீழ் மூலைக்குத்தான் அடிச்சேன். பந்து மேல ஏறிச்சி. யாரோ அடியிலேருந்து தூக்கிவிட்ட மாதிரி ஏறிச்சிம்மா'ங்கிறான். எனக்குப் பயமா இருக்குக்கா."

மோகனா நிரப்பிய பையைக் கீழே வைத்தாள். யாரோ அடியிலேருந்து. அது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் பழத்தை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அதையும் அவள் செய்யவில்லை. மூன்று நாளாகப் பழம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டம் முடிந்தது அதற்கு எப்படித் தெரியும்? இன்னும் அந்தக் கோலைக் காத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பையனையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் அதை எடுத்து ஆற்றில் விட வேண்டும். பிறகு சசியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். ரோகினி பேசாவிட்டால் பேசாமல் போகட்டும்.

நான்கு மணிக்கு வேலை விட்டதும் நேராகத் திடலுக்குப் போனாள். ஆளில்லை. செம்பனை ஓலைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கோயில் கதவு சாத்தியிருந்தது. கம்பத்திலிருந்து மூன்று அடி, கோட்டுக்குப் பின்னால். இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். கொத்தினாள். ஒரு சாண் போனாள். ஒன்றுமில்லை. இன்னொரு சாண். சிவப்பு மண்தான் வந்தது. கொஞ்சம் தள்ளிக் கொத்தினாள். பிறகு இந்தப் பக்கம். வியர்வை கண்ணில் இறங்கியது. பழம் இல்லை. துணி இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

நாய் தோண்டியிருந்தால் குழி இருக்கும். குழி இல்லை. மண் மூடியபடியே இருந்தது. அப்படியென்றால் உள்ளிருந்து எடுத்திருக்கிறது. மோகனா சாத்திய கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கொத்து கையிலிருந்து விழுந்தது.

"என்ன பிள்ளை, மரவள்ளி நடப்போறீரோ?"

அலறிக்கொண்டு எழுந்தாள். துரைசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வலையை அவிழ்க்க வந்திருந்தார்.

"கிராணி ஐயா! ஆளக் கொல்லப் பாத்தீங்களே."

"கம்பத்துக்குக் கம்பம் கால்வாய் வெட்டி வைச்சிருக்கிறீர். என்ன தேடுறீர்?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? மோகனா அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரோகினி, கேமரா, மோட்டாரில் உட்கார்ந்தது, சசி சொன்ன வார்த்தை, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "இப்ப பழத்தையே காணோம் கிராணி ஐயா. சாமியே எடுத்துக்கிட்டாரு. எனக்கு என்னா ஆகப் போகுதோ, அந்தப் புள்ளைக்கு என்னா ஆகப் போகுதோ" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைசிங்கம் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அவர் கோயிலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

"சாமி எடுக்கேல்லை."

"பின்ன?"

"எழும்பி வாரும்."

திடலின் நீளம் முழுக்க அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். ரோட்டுப் பக்கக் கோலுக்குப் பின்னால் நின்று, குடை நுனியால் மண்ணைக் கிண்டினார். மூன்று கிண்டு. மஞ்சள் துணி தெரிந்தது. மோகனா குனிந்து எடுத்தாள். துணி ஈரத்தில் கறுத்திருந்தது. உள்ளே பழம் சுருங்கி, ஒரு பக்கம் பூஞ்சை பிடித்து, பூசாரி தடவிய அதே குங்குமத்தோடு.

"இடைவேளைக்கு நீர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தனீர். உமக்கு ஏதோ கரைச்சல், கவலை எண்டு நினைச்சன். வலை கட்டுற மாதிரிப் போய்க் குந்தி, குடையால தோண்டி எடுத்தனான். கேமராப் பொடியன், 'அங்கிள், வலை ஓகேயா' எண்டு கேட்டவன். ஓகே, ஓகே எண்டன். காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு இஞ்ச வந்து குழி கிண்டித் தாட்டுட்டன்."

"நீங்களா? நீங்கதான் இதையெல்லாம் நம்பமாட்டீங்களே!"

"நம்பேல்லை. இப்பவும் நம்பேல்லை."

"அப்பறம்?"

"ஒண்டுக்குப் பூச்சியத்தில முன்னுக்கு நிண்டம் பிள்ளை. பதினொரு வருசம். அந்த நேரத்தில மனுசன் எதைத்தான் தொடமாட்டான்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ர மனுசி பேபிக்குத் தெரிஞ்சா பாஸ்டரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திடுவா. நீர் வாயைத் திறந்திடாதேயும்."

மோகனா பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சாண் இருந்துச்சா?"

"ஒரு சாண்."

"காம்பு மேல பாத்து?"

"மேல பாத்துத்தான். ஏழு வருசமா உம்மைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறன்."

"ரெண்டாவது பாதி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"நடுவர் வாறதுக்கு முன்னம்." அவர் குடை நுனியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "வேதக்காரன்ர கை பட்டதால கோவிச்சுக்கொண்டுதோ எண்டு, அண்டைக்கு நானும் யோசிச்சன். வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா யோசிச்சன்."

"சேச்சே. முனியாண்டி அப்பிடிப்பட்டவரு இல்ல கிராணி ஐயா."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, கடைசிக் கதவையும் தன் கையாலேயே சாத்திவிட்டதை உணர்ந்தாள். பழம் சரியான பக்கத்தில் இருந்தது. சரியான ஆழத்தில் இருந்தது. அது காத்துக்கொண்டிருந்த கோலில்தான் இரண்டும் விழுந்தன.

"அப்ப ஏன் தோத்தோம்?"

"அவங்கள் நல்லா விளையாடினவங்கள்."

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். மூன்று நாளாக அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. மோசமான காரணம், நெஞ்சை அறுக்கிற காரணம். ஆனாலும் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். இப்போது பின்னால் ஒன்றுமில்லை. அவள்மேல் குற்றம் இல்லையென்றால் பழத்தின்மேல் இல்லை. பழத்தின்மேல் இல்லையென்றால், எல்லாமே அந்தப் பிள்ளையின் ஒரு காலில் வந்து உட்காருகிறது. அடியிலிருந்து யாரும் தூக்கிவிடவில்லை. அவன்தான் தூக்கி அடித்தான்.

"கிராணி ஐயா, நீங்க எடுத்தத யாருகிட்டயும் சொல்லாதீங்க. சசிகிட்ட கண்டிப்பா சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறன்? வெக்கம் என்னுடையதெல்லோ." பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "பொய் சொல்லப் போறீரோ?"

"முக்காவாசி உண்மைதான்."

வியாழக்கிழமை வேலை முடிந்து, தாயம்மா வீட்டுக்குப் போனாள். சசி கூடத்தில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சசி. எந்திரி. பெரியம்மா ஒன்னு சொல்லணும்."

"தெரியும் பெரியம்மா. பரவால்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம். அதானே? எல்லாரும் சொல்லிட்டாங்க."

"அன்னிக்கி நீ அடிச்ச கோலுலதான் பழம் இருந்துச்சி."

முதுகு அசையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"என்னா?"

"இடைவேளையில நான் எடுக்கல. அங்கேயே கெடந்துச்சி. நீ அடிச்சது நம்ம சாமி காத்துக்கிட்டு இருந்த கோலுல."

சசி எழுந்து உட்கார்ந்தான். தாடி முளைத்த முகம், உள்ளே போன கண். அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று நகர்வதை அவள் பார்த்தாள். உதைத்துக்கொண்டு எழும்புவது மாதிரி.

"கம்பத்துல பட்டது... கோலி முட்டில பட்டது..."

"எல்லாமே."

"ஏன் எடுக்கல?"

"கேமராவுக்கு வெக்கப்பட்டேன். என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க. என் மவளும் வேணாம்னு சொன்னா."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. அதில் பொய் இல்லை.

சசி சிரித்தான். ஒரு மாதிரியான சிரிப்பு. பிறகு பாயைச் சுருட்டிச் சுவரில் எறிந்தான்.

"நாலு நாளு பெரியம்மா! நாலு நாளா செத்துக்கிட்டு இருக்கேன்! என் காலுல என்னா கோளாறுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்! நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கீங்க! வெக்கமா? உங்களுக்கு வெக்கம், எனக்குச் சாவா?"

"திட்டு. நல்லாத் திட்டு."

"போங்க! என் மூஞ்சிலயே முழிக்காதீங்க! போங்க!"

அடுப்படி வாசலில் தாயம்மா அகப்பையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. இத்தனை வருஷத்தில் மோகனாவை அவள் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள்.

"உன் மவ டீச்சரு. அவளுக்கு மானம் போகக்கூடாது. என் மவன் டயர் கழட்டுறவன். அவனுக்கு எது போனா உனக்கு என்னா?"

"தாயம்மா..."

"அக்கான்னு கூப்பிட்டேன் பாரு, என் வாய சுடணும். போ."

மோகனா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து சசியின் குரல் கேட்டது. "அம்மா, சோறு இருக்கா?"

வெள்ளிக்கிழமைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரந்தாவ் வரைக்கும் போய்விட்டது. தங்கராஜு கடையில் இப்போது செத்துப்போன மாமியார் இல்லை, மோகனாதான். "நம்ம கோல நம்மளே பூட்டிட்டு, சாவிய மோட்டார் கூடையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க." பூசாரி அவளைப் பார்த்ததும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். ரோகினி கூப்பிட்டாள்.

"அம்மா, இப்ப எடுக்காததுக்கும் வீடியோ போட்டிருக்காங்க."

"எடுத்தா சிரிக்கிறானுங்க, எடுக்காட்டி திட்டுறானுங்க. என்னம்மா பண்ணச் சொல்ற?"

"நான் சொன்னதுனாலதானே?"

மறுமுனையில் பள்ளி மணி அடித்தது. ரோகினி "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம்வரை மோகனா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வரவில்லை.

துரைசிங்கம் மட்டும் வழியில் கண்டபோது நின்று, குடையை மடக்கி, தலை குனிந்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு சசியின் மோட்டார் அவள் வீட்டைக் கடந்து போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹேண்டிலில் பூட்ஸ் தொங்கியது. கோபத்தோடு ஓட்டினான். வளைவில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை நாற்றுப் பண்ணையில் தாயம்மாவின் முக்காலி எதிரே இல்லை. கடைசி வரிசைக்குப் போயிருந்தது. மோகனா தனியாக உட்கார்ந்து பை நிரப்பினாள். பத்து மணிவரை நிரப்பினாள். ஒரு நிழல் விழுந்தது. தாயம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், நாற்று வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப வரச் சொல்லியிருக்காங்க அவன. அடுத்த வாரம்."

"நல்லது."

"உன்கிட்ட சொல்றதுக்கு வரல. பூசாரிகிட்ட பேசிட்டேன். இனிமே அந்தப் பழத்த நீ தொடாத. நான் எடுக்குறேன்."

மோகனாவின் கை மண்ணுக்குள்ளேயே நின்றது.

"கேமரா இருந்தாலும் எடுப்பேன். ராஜாவே வந்து பாத்தாலும் எடுப்பேன். எனக்கு ஒரு வெக்கமும் கெடையாது."

"சரி தாயம்மா."

"இடைவேளைக்கு எத்தன நிமிசம்?"

"பதினஞ்சு."

"கம்பத்துலேருந்து எத்தன அடி?"

"மூனு. கோட்டுக்குப் பின்னால. ரொம்பக் கிட்ட வெச்சா கோலி காலுல மிதிபடும்."

தாயம்மா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மூனு அடி. பதினஞ்சு நிமிசம். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி. திரும்பிப் போக இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். குரலில் இருந்த கடுமை கொஞ்சம் கழன்றிருந்தது.

"ஒழுங்கா மாத்தி வெச்சிட்டா, அந்தப் பக்கம் ஒன்னும் உள்ள போகாது. இல்ல?"

மோகனா பையை மடியில் வைத்து, மண்ணை இரண்டு கையாலும் அழுத்தி இறுக்கினாள்.

"போகாது," என்றாள்.